தட்டுபவர் பெயர்

“பூகம்பமா? அது என்னைப் பார்க்க வந்துட்டு, வாசல்ல பதினோரு நிமிஷம் கைகட்டி நின்னுச்சு. நான் செருப்பு மாட்டிட்டு வெளியில வர்ற வரைக்கும் இம்மிகூட அசையல.”

மீட்டர்காரர் இந்தக் கதையைச் சொல்லாத காது அந்தத் தெருவில் இல்லை. ரொட்டிக்கடையில் சொன்னார். முடிதிருத்தும் நாற்காலியில் பாதிக் கன்னம் நுரையோடு சொன்னார். தவறான எண்ணுக்குப் போன் செய்துவிட்ட யாரோ ஒரு அம்மாளைக்கூட அவர் விடவில்லை. முழுக்கதையையும் சொல்லி முடித்த பிறகுதான் “ராங் நம்பர்” என்று வைத்தார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, இருந்தாலும் இருக்கும் என்று தலையாட்டிப் போனார்கள். தரைத்தளத்துத் தையல்காரம்மாள் மட்டும் சிரிக்கவும் மாட்டாள், தலையாட்டவும் மாட்டாள். நூலைப் பல்லில் கடித்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“எத்தனையால வகுக்கணும்ணே?”

இந்த வகுத்தல் மீட்டர்காரரின் மனைவி தொடங்கி வைத்தது. முப்பத்துநான்கு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்தவர் மீட்டர்காரர். சாயங்காலம் வீடு திரும்பும்போது தன்னைத் துரத்திய நாய் கன்றுக்குட்டி உயரமாகியிருக்கும், ஏறிய படிகள் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும், ஒரு வீட்டு மீட்டர் பெட்டிக்குள் இருந்த தேள் கைப்பிடி வைத்த பை அளவுக்கு வளர்ந்திருக்கும். வந்திருப்பவர்களுக்குத் தேநீரை நீட்டியபடி மனைவி அமைதியாகச் சொல்வாள்: “பத்தால வகுத்துக்கோங்க.” அவள் போய் ஆறு வருடம் ஆயிற்று. வகுக்க ஆளில்லாத வீட்டில் எண்கள் காட்டுச்செடி மாதிரி வளர்ந்தன.

வீடு மூன்றாம் மாடியில். அந்த மாடியில் இரண்டே வீடுகள். எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு முன்பே பூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய கால்மிதி மட்டும் இன்னும் கதவோரம் கிடந்தது. மாதம் ஒருமுறை மீட்டர்காரர் அதை உதறிப் போடுவார். மகன் ஞாயிறுதோறும் போன் செய்வான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை, போட்டாச்சு. மூன்று நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். நாலாவது நிமிடத்தை நிரப்பத்தான் அவர் ஏதாவது ஒரு புலிக்கதையை அவிழ்ப்பார். “சரிப்பா, வைக்கட்டுமா” என்பான் மகன், புலி பாயும் கட்டத்தில்.

மீட்டர் முள்ளை வைத்தே ஒரு வீட்டின் வண்டவாளத்தைச் சொல்லிவிடும் மனிதர் அவர். நாலு யூனிட் கூடினால் மாமியார் வந்திருக்கிறார். திடீரென்று பாதியாய்க் குறைந்தால் மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் வீட்டு மீட்டரை அவரே தினமும் குனிந்து பார்ப்பார். அது நகர்வதைக் காண முனிவருக்குள்ள பொறுமை வேண்டும்.

இப்படி இருக்கையில்தான் நகரத் திட்ட அலுவலர் வந்தார். கையில் சுருட்டிய வரைபடம், தோளில் பை, வெயிலில் கறுத்த முகம், முப்பத்தைந்து வயதுப் பெண். பள்ளிக்கூட மண்டபத்தில் தெருக்காரர்களைக் கூட்டி, இந்தப் பகுதி பூமி ஆடக்கூடிய பகுதி, ஆடினால் எந்தச் சுவர் விழும், எந்த வழியாக ஓடுவது, எங்கே போய் நிற்பது என்று அலுவலகம் ஒரு திட்டம் போட்டிருக்கிறது, உங்கள் அபிப்பிராயம் வேண்டும் என்றார். வந்திருந்த பதினெட்டுப் பேரும் தேநீருக்காக வந்தவர்கள். அபிப்பிராயம் ஒருவரிடமும் இல்லை, மீட்டர்காரரைத் தவிர.

அவர் வரைபடத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

“என்னம்மா, எங்க சந்து பன்னெண்டு அடின்னு போட்டிருக்கீங்க?”

“வானத்துலேருந்து எடுத்த படம் சார். அளவு சரியா இருக்கும்.”

“வானத்துல பன்னெண்டு அடி இருக்கலாம். பறவை தாராளமாப் போகலாம். தரையில நாலரை. ஆளாளுக்கு வாசப்படியைச் சந்துக்குள்ள இறக்கி விட்டிருக்காங்க. அப்புறம், இங்க திறந்தவெளின்னு பச்சையா அடிச்சிருக்கீங்களே, அது பழைய கிடங்கு முற்றம். சுத்திலும் சுவர். சந்துப் பக்கம் கதவே கிடையாது. அங்க போய் நிக்கணும்னா முதல்ல பூகம்பம் வந்து சுவரை இடிச்சுக் குடுக்கணும்.”

அலுவலருக்குக் கோபம் வரும் என்று மண்டபமே எதிர்பார்த்தது. அவர் பென்சிலை எடுத்து மீட்டர்காரரிடம் நீட்டினார். “நீங்களே வரைங்க சார்.”

மனைவி போனதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் அப்படி நீட்டியதில்லை.

அப்புறம் நாலு மாதம் அவரைப் பிடிக்க முடியவில்லை. அறுபத்தொரு வீடு, ஒவ்வொன்றாக ஏறினார். முப்பத்துநான்கு வருடமும் தட்டிய அதே தட்டு: மூன்று தட்டு, ஒரு இடைவெளி, நாலாவது தட்டு, “மீட்டர்.” வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆன ஆள் மறுபடி வந்து “மீட்டர்” என்றதும் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். எந்தச் சுவரில் விரிசல், எந்த மாடியில் கான்கிரீட் தொட்டி, யாருக்குக் கால் முடியாது, யாருக்குக் காது கேட்காது என்று எல்லாவற்றையும் படத்தில் ஏற்றினார். வாசல்படிகளைப் பற்றிப் பேசும்போதுதான் முட்டிக்கொண்டது. யாரும் தங்கள் படியில் கை வைக்க விடவில்லை.

தையல்காரம்மாளின் கடைக்கு மூன்று படி. ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் இடம்.

“என் படியை இடிச்சா பூகம்பம் வராதாண்ணே?”

“வரும் தங்கச்சி. ஆனா வர்றப்போ அறுபது வீடும் உன் படியில தடுக்கி விழாம ஓடும். சந்து நாலரை அடிதான் இருக்கு.”

“நீங்க சொன்னா நாலரையை நான் எப்படி நம்புறது?”

அவள் கழுத்தில் மாலையாகத் தொங்கிய அளவு நாடாவை உருவிக்கொண்டு இறங்கினாள். சந்தின் குறுக்கே ஒரு முனையை அவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுமுனையை இழுத்தாள். குனிந்து பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

“நாலே கால்,” என்றாள். “இதுலயும் கூட்டித்தான் சொல்லியிருக்கீங்க.”

மறுநாள் காலை முதல் ஆளாகத் தன் படியை இடித்தாள். கால் அடி வித்தியாசத்தில் ஒரு கிழவர் தோற்றுப்போனதைச் சொல்லிச் சொல்லியே மற்ற வீடுகளையும் இடிக்க வைத்தாள். அலுவலகத்தோடு மல்லுக்கட்டிக் கிடங்குச் சுவரில் சந்துப் பக்கம் ஒரு வழி திறந்தார்கள். கதவு வைக்கக்கூடாது, வைத்தால் எவனாவது பூட்டுவான் என்று மீட்டர்காரர் நின்ற நிலையில் வாதாடினார். அவர் கணக்கில் அந்த வாதம் பதினேழு மணி நேரம் நடந்தது. ஒன்றே முக்கால் என்பது தையல்காரம்மாளின் கணக்கு.

கடைசியில் ஆள் பட்டியல். அலுவலர் கொண்டுவந்த தாளில் மூன்று கட்டங்கள்: வீடு, ஆட்கள், தட்டுபவர் பெயர். ஆட்டம் நின்றதும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி வெளியே கூட்டிவர ஒருவர். முற்றத்தில் தலை எண்ணும் வேலை மருந்துக்கடைக்காரருக்கு. கணக்கு முடியும்வரை ஒருவரும் வீட்டுக்குத் திரும்பக்கூடாது என்ற விதி மீட்டர்காரருடையது.

“ஒரு வரி காலியா இருந்தா சுத்து முடியலன்னு அர்த்தம்,” என்றார். “பூட்டின வீடா இருந்தாலும் திரும்பிப் போய்ப் பார்த்துட்டுத்தான் நோட்டை மூடணும். நான் அப்படித்தான் மூடினேன்.”

அறுபது வரி நிரம்பியது. அறுபத்தொன்றாவது வரி அவருடையது. மூன்றாம் மாடி, ஆள் ஒன்று, தட்டுபவர் பெயர்.

தன் மேசையில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமாவது போய் ‘என் கதவைத் தட்டுவீங்களா’ என்று கேட்டால் முடிந்தது. ஒரு லட்சம் கதவு தட்டிய கைக்கு (அவர் கணக்குத்தான்) அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. கீழே இறங்கித் தையற்கடை வாசல்வரை போனார். அவள் தலை நிமிர்த்தி, “என்னண்ணே?” என்றாள். “ஒண்ணுமில்ல, மிஷின் சத்தம் மாடி வரைக்கும் கேக்குது, நேத்து என் சட்டையில ஒரு பொத்தான் தானா தைச்சுக்கிச்சு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினார். தாளில் தட்டுபவர் பெயர் என்ற இடத்தில் ‘மீட்டர்காரர்’ என்று எழுதினார். கட்டம் நிரம்பிவிட்டது. காலியாக இருந்தால்தானே யாராவது கேட்பார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, அவர் மேசை மீதிருந்த தேநீர்த் தம்ளருக்குள் கரண்டி பேசத் தொடங்கியது.

சின்ன ஆட்டம். கனமான லாரி ஒன்று தெருவில் போனால் இதைவிட ஆடும். பத்தே நொடி, நின்றுவிட்டது. மீட்டர்காரர் எழுந்தார், செருப்பை மாட்டினார், தாழ்ப்பாளில் கை வைத்தார். கீழே தட்டும் சத்தங்கள் கேட்டன. முதல் மாடியில் இரட்டைத் தட்டு, அது வாத்தியாரம்மா. இரண்டாம் மாடியில் உள்ளங்கையால் அடிப்பது ரொட்டிக்கடைக்காரர். குழந்தைகளின் கால்கள் தடதடவென்று இறங்கின. யாரோ அடுப்பை அணைத்தாயா என்று கேட்டார்கள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் வரிசையாக நடந்தது. ஒரு பிசகு இல்லை. அப்புறம் கட்டடம் அமைதியானது.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.

இறங்கிப் போக அவரை யாரும் தடுக்கவில்லை. நாற்பத்தெட்டுப் படி. ஆனால் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு நேரே போட்டு, செருப்புக் காலோடு உட்கார்ந்தார். தான் இல்லாவிட்டால் கணக்கு உதைக்குமா என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். கிறுக்குத்தனம் என்று அவருக்கே தெரிந்தது, ஆனாலும் எழவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. சுவர்க்கடிகாரம் அவ்வளவு சத்தமாக நடக்கும் என்று ஆறு வருடத்தில் அவர் கவனித்ததில்லை. நாலாவது நிமிடம், மகன் போனை வைக்கும் நேரம், எல்லாரும் இந்நேரம் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தார். திரும்பும் காலடிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஆறாவது நிமிடத்தில் மனைவியின் படத்தைப் பார்த்து, “நீ இருந்தா தட்டியிருப்ப,” என்றார். உடனே அதையும் திருத்தினார். “நீ இருந்தா உள்ளதான் இருந்திருப்ப.”

முற்றத்தில் அந்நேரம் நடந்ததைப் பிற்பாடு தையல்காரம்மாளிடம் நாற்பது முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். நாலால் வகுக்கலாம்.

இருநூற்றுப் பதினாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்றுப் பதின்மூன்று. மருந்துக்கடைக்காரர் மூன்று தடவை எண்ணினார். ஜனங்களுக்கு வெயில், எரிச்சல். “தம்ளர்கூட விழல, இதுக்கு ஒரு ஊர்வலமா” என்று ஒருவர் சந்துப் பக்கம் நடந்தார். மருந்துக்கடைக்காரர் குறுக்கே நின்றார். “ஒரு ஆள் குறையுது. சுத்து முடியல. மீட்டர்காரர் விதி.”

“சரி, மீட்டர்காரரையே கேளுங்க, யாரு குறையுதுன்னு அவருக்குத்தான் தெரியும்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரைக் காணோம். எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். இங்கேதான் எங்கேயாவது யாரிடமாவது புளுகிக்கொண்டிருப்பார் என்று முற்றம் முழுக்கத் தேடினார்கள். தையல்காரம்மாள்தான் தாளைப் பிடுங்கி விரல் வைத்துக் கீழ்நோக்கி இறங்கினாள். கடைசி வரியில் விரல் நின்றது.

“மூணாம் மாடி. தட்டுபவர் பெயர், மீட்டர்காரர்,” என்று வாசித்தாள். “ஏன்யா, இதை நீங்க யாரும் பார்க்கலையா? இந்த மனுஷன் தன் கதவைத் தானே உள்ளேருந்து தட்டிக்குவாரா?”

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

எட்டாவது நிமிடம் படியில் காலடி கேட்டது. வலது கால் ஊன்றி, இடது காலை இழுத்து, நடுநடுவே நின்று மூச்சு வாங்கும் காலடி. அந்த முட்டிவலி யாருடையது என்று அவருக்குத் தெரியும். எழுந்து கதவைத் திறந்திருக்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று தட்டு. இடைவெளி. நாலாவது தட்டு, கத்திரிக்கோல் பிடியால் தட்டியதில் ‘ணங்’கென்றது.

“மீட்டர்,” என்றாள் வெளியிலிருந்து.

அவர் கதவைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்தாள். கதவுக்கு நேரே போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தாள். காலில் மாட்டியிருந்த செருப்பைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது.

“தூங்கிட்டேன் தங்கச்சி.”

“செருப்போடயா? நடங்கண்ணே. ஊரே வெயில்ல காயுது.”

அவள் முன்னே இறங்க, அவர் பின்னே இறங்கினார். சந்தில் நடந்தார்கள், படிகள் இல்லாத அகலமான சந்து, இருவர் தாராளமாகச் சேர்ந்து நடக்கலாம். முற்றத்துக்குள் கால் வைத்ததும் மருந்துக்கடைக்காரர் பென்சிலை எடுத்துக் கடைசி வரியில் கோடு போட்டார். மணி நாலு இருபத்தொன்று. பென்சில் இன்னும் தாளைவிட்டு எழும்பவில்லை.

தரை உருண்டது. இரண்டாவது ஆட்டத்தை மீட்டர்காரர் எத்தனையோ விதமாகப் பெருக்கிச் சொன்னாலும் உள்ளதே போதும். அதை வகுக்க வேண்டியிருக்கவில்லை. நின்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். முனைக் கட்டடத்தின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் முழுசாகப் பெயர்ந்து சந்துக்குள் விழுந்தது. தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று. மருந்துக்கடைக்காரர் மறுபடி எண்ணினார். இருநூற்றுப் பதினாலு.

எல்லாரும் மீட்டர்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். நீங்கள் வராததால்தான் நாங்கள் அந்தச் சந்தில் இல்லை என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அவர்கள் தோளுக்கு மேலாகத் தங்கள் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படி ஜன்னல் வழியே தெரிந்தது: இரண்டாம் மாடிக்கு மேல் படிகள் இல்லை. ஏறி வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் இன்னும் கத்திரிக்கோல். அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாடிப்படி கட்டி முடிய மூன்று மாதம். அதுவரை பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு மூலை. அங்கே படுத்துக்கொண்டுதான் பூகம்பம் கைகட்டி நின்ற கதையை அவர் செய்தார். நாற்காலி அதில் வராது. ஏறி வந்தவளும் வரமாட்டாள். கதையை எவ்வளவு பெரிதாக ஊதினாலும் இந்த இரண்டையும் அது மூடவில்லை என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது, அவளுக்கும்.

படி கட்டி முடித்த வாரம் அலுவலர் புதிய தாள்களோடு வந்தார். அதே மண்டபம், இந்த முறை உட்கார இடமில்லை. இந்தத் தெருவின் திட்டத்தை மற்றத் தெருக்களுக்கும் அனுப்பப் போகிறோம், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்றார். மீட்டர்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். பூகம்பம் வந்தது, வாசலில் கைகட்டி நின்றது என்று ஆரம்பித்தார். மண்டபம் சிரித்தது.

அலுவலரும் சிரித்துவிட்டுக் கேட்டார். “அதெல்லாம் சரி சார். நீங்க ஏன் முதல்லயே இறங்கி வரல?”

மீட்டர்காரர் வாயைத் திறந்தார். ஒரு புலியும் வரவில்லை, ஒரு தேளும் வரவில்லை. கையிலிருந்த தாளை மடித்தார், பிரித்தார். மண்டபத்தில் சிரிப்பு மெல்ல அடங்கி, எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் தையல்காரம்மாளைப் பார்க்கவில்லை.

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் முட்டியைப் பிடித்தபடி எழுந்து முன்னால் வந்தாள். அலுவலரின் மேசையிலிருந்த புதிய தாளைத் திருப்பி, கடைசி வரியைத் தேடி, தட்டுபவர் பெயர் என்ற இடத்தில் ‘தையற்கடை’ என்று எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தது. அழித்து மறுபடி எழுதினாள்.

“அவர் கதவைத் தட்ட ஆள் போடல. அதான் வரல. தப்பு தெருவோடது, அப்படியே எழுதுங்க,” என்றாள்.

“எழுதிக்கிறேன்மா,” என்றார் அலுவலர். “பூகம்பம் பதினோரு நிமிஷம் இவருக்காக நின்னுச்சுங்கிறாரே, அதை எத்தனையால வகுக்கணும்? நீங்கதான் கணக்குல புலின்னு சொன்னாங்க.”

தையல்காரம்மாள் பென்சிலை மேசையில் வைத்தாள். மீட்டர்காரரை ஒரு தடவை பார்த்தாள்.

“வகுக்காதீங்க,” என்றாள். “நின்னுச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”